ரவைப் பேணிக்குள்ள கிடந்த திறப்பு

1

எங்கட வீட்டை விட்டுத் துவக்கு போய் இண்டையோட ஒரு வருசம். மனிசர் செத்தால் ஆட்டைத் திவசம் எண்டு ஐயரைக் கூப்பிடலாம், மரக்கறி காய்ச்சிப் படைக்கலாம். துவக்குக்கு என்னத்தைப் படைக்கிறது? காலமை தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கேக்கை எனக்கு இதுதான் யோசனை. பிறகு தனிய நிண்டு சிரிச்சன். சிரிச்ச வாயோட கண்ணும் கலங்கிப்போச்சு.

ஊரில இருந்து இதை வாசிக்கிற ஆக்கள் "லண்டனில துவக்கோ, கோதாரி!" எண்டு நெஞ்சில கை வைச்சுக் கத்திறது எனக்கு இஞ்ச கேக்குது. பயப்பிடாதேங்கோ. சட்டப்படி, பொலிசின்ர லைசென்சோட வைச்சிருந்த துவக்கு. இந்த நாட்டில கைத்துவக்கு வைச்சிருக்கேலாது. ஆனால் குழாய் நீண்டு, பிடியில இருந்து ஒரு கம்பி வால் மாதிரிப் பின்னால நீட்டிக்கொண்டு நிக்கிற ஒரு வகை ரிவோல்வர் இருக்கு. அதைச் சட்டைப்பைக்குள்ள ஒளிக்கேலாது எண்டபடியால், கிளப்பில சுடுற ஆக்களுக்கு விடுகினம். முதல் நாள் அதைக் கண்டிட்டு, "இதென்ன, வால் முளைச்ச துவக்கு?" எண்டு கேட்டன். இவருக்குச் சரியான கோவம்.

இவர் எண்டது என்ர மனிசன் நடேசன். தபால் பிரிக்கிற இடத்தில காலம் முழுக்க வேலை செய்து பென்சன் எடுத்தவர். அங்க கூட வேலை செய்த கென் எண்ட வெள்ளைக்காரர்தான் இவரைச் சனிக்கிழமையில சுடுற கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினது. கிளப்பில இவர் 'நேட்'. நடேசன் எண்டு சொல்ல அவையின்ர நாக்குச் சுழுக்கிப்போடுமாம்.

சுடுறதை விட இவருக்கு ஆசை, ரவை செய்யிறதில. அந்தத் துவக்குக்குப் போடுற ரவைக்கு மக்னம் எண்டு பேர். பேரைக் கேட்டால் ஐஸ்கிறீம் மாதிரி இருக்கும். கடையில வாங்கிறது இவருக்குப் பிடியாது. சுட்டு முடிஞ்ச பித்தளை வெறுங்கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, மினுக்கி, திரும்ப வெடிமருந்து விட்டு, மேல ஈயச் சன்னத்தை வைச்சு அமத்தி எடுப்பார். மேல்மாடியில, கட்டில் ஒண்டு போட்டாலே மூச்சு முட்டுற சின்ன அறைக்குள்ள ஒரு மேசை. மேசை விளிம்பில, பிடியை இழுத்து அமத்திற ஒரு இரும்பு மெசின். நான் அதை இடியப்ப உரல் எண்டுதான் சொல்லுறது. சுவரில பூட்டின இரும்பு அலுமாரிக்குள்ள துவக்கும் செய்து முடிச்ச ரவையும்.

கோது மினுக்கிறதுக்கு எல்லாரும் ஏதோ மெசின் வைச்சிருக்கினமாம். இவர் என்ர பழப்புளியை எடுத்துப்போட்டார்! குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி, கோதுகளைப் புளித்தண்ணியில ஊறப்போட்டுத் தேய்ச்சு எடுக்க, பவுண் மாதிரிப் பளபளக்கும். "நேட், என்ன போடுறாய்?" எண்டு கிளப்பில எல்லாரும் கேட்டவையாம். "குடும்ப ரகசியம்" எண்டு சொல்லிப்போட்டு வந்து எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அந்தச் சட்டியை நான் பிறகு சமையலுக்கு எடுக்கேல்ல. ஈயம் பட்ட சட்டி எல்லே.

எங்கட தமிழில ரவை எண்டால் ரெண்டுக்கும் ஒரே பேர். உப்புமா கிண்டுறதும் ரவை, துவக்குக்குப் போடுறதும் ரவை. "ரவை முடிஞ்சுது" எண்டு நான் குசினியில இருந்து கத்தினால், "எந்த ரவை?" எண்டு மேலயிருந்து கேப்பார். பத்தாததுக்கு நான் அதை ஊருக்கு ரெலிபோன் கதைக்கேக்கையும் சொல்லிப்போட்டன். "இவர் மேல ரவை செய்யிறார்" எண்டன். தங்கச்சி, "அத்தானுக்கு ரவா லட்டு செய்யத் தெரியுமோ?" எண்டு கேட்டாள். ஓம் எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டன்.

2

"அங்க பட்டது காணாதெண்டே இஞ்ச வந்தும் துவக்கோட நிக்கிறார்?" எண்டு கேக்காத சனமில்லை. கிழக்கு லண்டனில, ஃபாரஸ்ட் கேட்டில இருக்கிற என்ர மச்சாள் முகத்துக்கு நேரையே, "உவருக்கு விசரோ?" எண்டு கேட்டவ. நானும் முதல் கொஞ்சக் காலம் சண்டைதான் பிடிச்சன்.

இவர் ஒரேயொரு தரம்தான் காரணம் சொன்னவர். இவருக்கு ஒரு அண்ணை இருந்தவர். ஆமி ஒருநாள் ஒழுங்கையைச் சுத்தி வளைச்சு, ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில வரிசையாய் நடக்க விட்டது. ஜீப்புக்குள்ள ஒருத்தன், சாக்கால முகத்தை மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. அந்தக் காலத்தில நாங்கள் அவையளைத் தலையாட்டி எண்டுதான் சொல்லுறது. அவன் தலையை ஆட்டினால் ஆள் முடிஞ்சுது. அண்ணை முன்னால போனார், இவர் பின்னால. அண்ணைக்குத் தலை ஆடினது. இவருக்கு ஆடேல்ல.

"அவன் ஆட்டினானோ, முகத்தில மொய்ச்ச இலையானைக் கலைச்சானோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது" எண்டார் இவர். "சாக்குக்குள்ளையும் இலையான் போகும்தானே."

ஏத்திக்கொண்டு போன அண்ணை திரும்பி வரேல்ல. இவரின்ர அம்மா, என்ர மாமி, ஆமிக் காம்ப் காம்பாய்த் திரிஞ்சவ. ஒரு இடத்திலயும் அப்பிடி ஒரு ஆளைக் கொண்டுவந்ததெண்டு ஒருத்தனும் ஒத்துக்கொள்ளேல்ல.

இதைச் சொல்லிப்போட்டு இவர் மேசையைத் துடைச்சுக்கொண்டே சொன்னார்: "அங்க எங்கட சட்டைப்பைக்குள்ள ஒரு வெறுங்கோது கிடந்தாலே ஆளைக் கொண்டுபோயிடுவாங்கள். இஞ்ச பொலிஸ் என்ர வீட்டுக்கு வந்து, பேரைக் கேட்டு, உம்மட கையால ஊத்திக் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, 'நீ நல்ல மனிசன், வைச்சிரு' எண்டு துவக்கைத் தந்திட்டுப் போறான். அது எனக்குக் காணும்."

அதுக்குப் பிறகு நான் சண்டை பிடிக்கேல்ல. பிரஜாவுரிமை கிடைச்ச நாளில கூட இவர் இவ்வளவு சந்தோசப்படேல்ல. பாஸ்போட்டைக் கொண்டுவந்து அலுமாரிக்குள்ள எறிஞ்ச மனிசன், அந்தத் துவக்கு லைசென்சை மட்டும் பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு வைச்சிருந்தார். ஒருநாளும் மனிச உருவம் கீறின அட்டைக்கு இவர் சுட்டதில்லை. வட்டம் கீறின கடுதாசிக்கு மட்டும்தான்.

எங்கட மகள் அபிக்கு இதொண்டும் விளங்காது. அவள் பள்ளிக்கூடம் படிக்கேக்கையே, "அப்பா, வை கான்ட் யூ ஜஸ்ட் ப்ளே கொல்ஃப்?" எண்டு கேட்டவள். சிநேகிதப் பிள்ளையளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவும் வெக்கப்பட்டவள். இப்ப லீட்ஸில வேலை, கலியாணம், ரெண்டு பிள்ளையள். ஞாயிற்றுக்கிழமை போனில வருவாள். தமிழ் அவளுக்கு வரும், ஆனால் கடையில சாமான் எடுக்கிற மாதிரி ஒண்டொண்டாய்த் தேடித்தான் எடுப்பாள். அண்ணையின்ர கதையை அவளுக்குச் சொல்லச் சொல்லி நான் கேக்க, "என்னத்துக்கு? அவளாவது நிம்மதியாய் இருக்கட்டும்" எண்டு இவர் மறிச்சுப்போட்டார்.

3

மறதி சின்னனாய்த்தான் வந்தது. கண்ணாடியைத் தேடுறது, கென்னின்ர பேருக்கு முழிக்கிறது. வயசு போனால் ஆருக்குத்தான் இல்லை எண்டு நானும் விட்டிட்டன். ஒருநாள் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில மீன் வாங்கப் போனவர், மீனில்லாமல் வந்து, "கடையை எங்க மாத்திப்போட்டாங்கள்?" எண்டு கேட்டார். கடை அங்கதான் இருந்தது. அண்டைக்குத்தான் எனக்குப் பயம் பிடிச்சது.

பிறகொரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டு மேல போனன். பலகைத் தட்டில கோதுகளை வரிசையாய் நிப்பாட்டி, அளந்து அளந்து மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார். ஊரில இருந்து ரெலிபோன் வந்தது. எழும்பிப்போய்க் கதைச்சிட்டு வந்து இருந்தார். இருந்து, விட்டு முடிச்ச வரிசைக்குத் திரும்ப மருந்து விடத் துவங்கிறார்.

"இஞ்சாருங்கோ, அந்த வரிசைக்கு விட்டாச்சு."

"இல்லை, இது புது வரிசை."

"ஐயோ, நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்!"

டோர்ச்சை எடுத்துக் கோதுக்குள்ள அடிச்சுப் பாத்தார். ரெட்டை மருந்து விட்டால் துவக்கு வெடிச்சுக் கை போகும், பக்கத்தில நிக்கிறவன்ர கண்ணும் போகும் எண்டு எனக்குச் சொல்லித்தந்ததே இவர்தான். டோர்ச்சைக் கீழ வைச்சார். எல்லாத்தையும் திருப்பிக் கொட்டிப்போட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்" எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்ல.

டொக்டரிட்டப் போவம் எண்டு கேட்டால், "தடிமன் காய்ச்சல் வந்தால் போவம்" எண்டுவார். எனக்கு விளங்கினது. டொக்டருக்குத் தெரிஞ்சால் பொலிசுக்குத் தெரியும். பொலிசுக்குத் தெரிஞ்சால் துவக்குப் போகும். அபிக்கும் நான் சொல்லேல்ல. சொன்னால் அவள் அண்டைக்கே போனெடுத்து அறிவிச்சுப்போடுவாள். அவளில பிழையில்லை, அவள் இஞ்ச பிறந்தவள். எங்களுக்குப் பொலிசுக்கு ஆள் சொல்லுறதெண்டால் அதுக்கு ஒரு பேர்தான் இருக்கு. காட்டிக் குடுக்கிறது. அந்தப் பேரோட எங்கட ஊரில ஒருத்தரும் வாழேலாது, அந்தப் பேரோட லைற் கம்பத்தில கட்டுப்பட்டுச் செத்ததுகளையும் நான் பள்ளிக்கூடம் போற வழியில கண்டனான்.

அதாலை ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் கென்னின்ர காரில ஏறிப் போக, வந்து சேருமட்டும் நான் பிள்ளையாருக்கு முன்னால இருந்தன்.

4

லைசென்ஸ் புதுப்பிக்கிற காலம் வந்தது. பொலிசில துவக்கு விசயம் பாக்கிற பகுதியில இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்தான். நல்ல பெடியன், சப்பாத்தை வாசலில கழட்டட்டோ எண்டு கேட்டவன். இவர் காலமையே சேவ் எடுத்து, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தார்.

"அலுமாரியைத் திறந்து காட்டேலுமோ, மிஸ்டர் நடேசன்?" எண்டு கேட்டான்.

பூட்டின்ர திறப்பைக் காணேல்ல.

ஒரு சங்கதி சொல்லவேணும். துவக்கு அலுமாரித் திறப்பு எங்க கிடக்கெண்டு லைசென்ஸ்காரரைத் தவிர வேற ஆருக்கும் தெரியக்கூடாது, பெண்சாதிக்கும் தெரியக்கூடாது எண்டது இஞ்சத்தைச் சட்டம். இவர் அதை வேதம் மாதிரிப் பிடிச்சவர். ஆனால் எந்த வீட்டில எந்தச் சாமான் பெண்சாதிக்குத் தெரியாமல் இருக்கு? மனிசன் அதைக் குசினியில, ரவை போட்டு வைக்கிற தகரப் பேணிக்குள்ள புதைச்சு வைச்சிருந்தார். ரவை காக்கிறது ரவை எண்டு தன்ர பாட்டில சிரிச்சிருப்பார். உப்புமா கிண்டுற எனக்கு அது எத்தினை தரம் கரண்டியில தட்டுப்பட்டிருக்கும்! ஒருநாளும் வாய் திறக்கேல்ல. எடுத்துத் துடைச்சு, திரும்பப் புதைச்சு வைச்சிடுவன்.

இப்ப இவர் லாச்சியை இழுக்கிறார், கோட்டுப் பையைத் தடவுறார், கண்ணாடிக் கூட்டைத் திறந்து பாக்கிறார். பெடியன் பொறுமையாய் நிக்கிறான். "ரவைப் பேணிக்குள்ள பாருங்கோ" எண்டு நான் சொன்னால், எனக்குத் தெரியுமெண்டு ஆகிடும். லைசென்ஸ் அந்த இடத்திலயே போயிடும். சொல்லாட்டி மனிசன் அந்தரிக்கிறார். தமிழில சொன்னால் பெடியனுக்கு என்ன விளங்கப்போகுது எண்டு துணிஞ்சு, "இஞ்சாருங்கோ, ரவை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்" எண்டன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பாத்தார். "ரவை எல்லாம் மேல அலுமாரிக்குள்ளதானே பூட்டிக் கிடக்கு" எண்டார்.

"அந்த ரவை இல்லை. உப்புமா ரவை."

"இப்ப ஆருக்கு உப்புமா?" எண்டு சினந்துகொண்டு மேல படியேறிப் போனார். மேல லாச்சியள் இழுபடுற சத்தம் கேட்டது. நான் ஒண்டைச் சொன்னால் பாதியில பிடிக்கிற மனிசன் இவர். அந்த மனிசன் இப்ப என்னோட இல்லை எண்டு அண்டைக்கு, அந்தக் குசினியில, ஒரு பொலிஸ்காரனுக்குப் பக்கத்தில நிண்டுதான் எனக்கு வடிவாய் விளங்கினது.

பெடியன் குரலைத் தணிச்சுக் கேட்டான். வழமையாய்ப் பெண்சாதியளிட்டயும் கேக்கவேணுமாம். "மிஸிஸ் நடேசன், உங்கட கணவர் வீட்டில துவக்கு வைச்சிருக்கிறது உங்களுக்குச் சரிதானே?"

நான் தலையாட்டினன். எங்கட ஆக்கள் ஆட்டுற மாதிரி, தோளுக்குத் தோள், ஓம் ஓம், சரிதான் எண்டு. பழக்கத்தில வந்தது. சத்தியமாய் ஓம் எண்டுதான் ஆட்டினன்.

அவன் எழுதிறதை நிப்பாட்டினான். "சரியில்லையோ?"

வெள்ளைக்காரருக்கு எங்கட ஓம், இல்லை மாதிரித்தான் தெரியும். இது எனக்குத் தெரியாததோ? பள்ளிக்கூடக் கன்ரீனில வேலைக்குச் சேர்ந்த காலத்தில, பிள்ளையள் பட்டாணி கேக்க நான் ஓம் எண்டு தலையாட்ட, பட்டாணி இல்லையாக்கும் எண்டு கோப்பையோட திரும்பிப் போன கதையைச் சொல்லி எத்தினை தரம் சிரிச்சிருக்கிறம். ஒரு சொல்லில திருத்தியிருக்கலாம். "யெஸ், யெஸ், ஓகே" எண்டால் முடிஞ்சுது.

மேல இன்னும் லாச்சி இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் கென்னை நினைச்சன். கிளப்பில பக்கத்துப் பக்கத்தில நிண்டு சுடுற ஆக்களை நினைச்சன். புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் உரிஞ்ச இவரின்ர விரலுகளை நினைச்சன்.

"நோ" எண்டன். பிறகு மேல்தட்டில இருந்து ரவைப் பேணியை இறக்கி, கையை விட்டுத் திறப்பை எடுத்து அவன்ர கையில வைச்சன்.

இவர் அந்த நேரம்தான் படியால இறங்கி வந்தார். திறப்பில ஒட்டியிருந்த ரவையைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

துவக்கையும் ரவைகளையும் மருந்தையும் அண்டைக்கே ஏத்தினாங்கள். இன்னொரு ஆளும் வந்து உதவினவன். இவர் வாசலில நிமிர்ந்து நிண்டு எல்லாத்தையும் பாத்தார். கார் வெளிக்கிடப் போகேக்கை ஓடிப்போய்க் கண்ணாடியில தட்டினார். இவர் கேட்டது இவ்வளவுதான்: "ரிசீற் தருவியளோ?"

"கட்டாயம், சேர்" எண்டு அவன் எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தான். அதைப் பிடிச்சுக்கொண்டு உள்ள வந்து கதிரையில இருந்து, இவர் அழுதார். கலியாணம் கட்டின நாள்தொட்டு நான் காணாத அழுகை.

"எங்கட அம்மாவுக்கு அவங்கள் ஒரு துண்டுக் கடுதாசி கூடக் குடுக்கேல்ல" எண்டார்.

5

அதுக்குப் பிறகு டொக்டர், ஸ்கான், மறதி நோய்க்கு எண்டு தனியொரு கிளினிக். இஞ்ச எல்லாத்துக்கும் ஒரு கியூ இருக்கு. அபி லீட்ஸில இருந்து வந்து எல்லாத்தையும் ஓடியாடிப் பாத்தாள், அதில குறை சொல்லேலாது. அந்த இரும்பு மெசினையும் கழட்டிக் கென்னிட்டக் குடுத்திட்டாள். "ஃபைனலி, அம்மா" எண்டு என்னைக் கட்டிப் பிடிச்சாள். நான் செய்தது நல்ல காரியமாம். நல்ல காரியந்தான். நானும் இல்லை எண்டு சொல்லேல்ல.

ஆனால் இவர் மேல போய் அந்த வெறும் மேசையைப் பாப்பார். பாத்திட்டு வந்து கேப்பார்: "என்ர துவக்கெங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கெண்டு சொல்லுங்கோ அம்மா. ஹீ வில் ஃபொகெற்" எண்டாள் அபி. அப்பிடிச் சொன்னன். மனிசன் யன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்து தருவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தார். தபால்காரன், சாமான் கொண்டுவாற வான் எண்டு எது நிண்டாலும் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். அந்தக் காட்சியை என்னால பாக்க ஏலேல்ல. மாமியும் இப்பிடித்தானாம், வாசல் படலையடியில எத்தினையோ வருசம் இருந்தவ.

அதாலை பொய் சொல்லுறதை விட்டிட்டன். கேக்கிற நேரமெல்லாம், "பொலிஸ் கொண்டுபோட்டுது, ரிசீற் இருக்கு" எண்டு எடுத்துக் காட்டுவன். இவர் தடவிப் பாத்திட்டு மடிச்சுத் தருவார். அதோட அடங்கிப்போம்.

இண்டைக்குக் காலமை தேத்தண்ணியோட போனன். யன்னலடியில இருந்தார். ரிசீற்றைக் காட்டினன். வாசிச்சார், மடிச்சார், ஆனால் தரேல்ல.

"ஆர் தலையாட்டினது?" எண்டு கேட்டார்.

ஒரு வருசத்தில ஒருநாளும் கேக்காத கேள்வி. நான் தேத்தண்ணிக் கோப்பையை யன்னல் தட்டில வைச்சன். ஒளிச்சு என்ன செய்யிறது, இவருக்கு ஒளிச்சு எனக்குப் பழக்கமில்லை.

"நான்தான்" எண்டன். "நான்தான் ஆட்டினனான். உங்கட கை போயிடும் எண்டு பயத்தில."

ரிசீற்றைத் திரும்ப விரிச்சுப் பாத்தார். பிறகு மெல்லமாய், பக்கத்தில ஆரோ நிண்டு கேக்கிற மாதிரிக் குரலைத் தணிச்சு,

"அப்ப அண்ணையையும் நீரோ?" எண்டார்.

"இல்லை" எண்டன். தலை ஆடாமல் பிடிச்சுக்கொண்டு சொன்னன். "ஐயோ, நான் இல்லையப்பா."

இவர் தகப்பன்மார் பிள்ளையளைத் தட்டிற மாதிரி என்ர கையில ரெண்டு தட்டுத் தட்டினார். "எனக்குத் தெரியும்" எண்டார். "நீர் ஆரையும் காட்டிக் குடுக்கிற ஆளில்லை." சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சார்.